ரசமட்டம் பார்த்து நிறுத்திய வீடு

எங்கள் உறவினர்கள் இப்போது இதை வேடிக்கைக் கதையாகச் சொல்கிறார்கள். கல்யாணப் பந்தியிலோ, ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போதோ, யாராவது ஒருவர் என் தந்தையிடம் காரைக்கால் கதையைக் கேட்பார். அவரும் சொல்வார். ஏணியைப் பற்றியும் நாற்காலியைப் பற்றியும் அவர் சொல்லும் இடங்களில் எல்லோரும் சிரிப்பார்கள். நான் பக்கத்தில் இருந்தால் என்னைப் பார்த்தும் ஒருமுறை சிரித்துக்கொள்வார்கள். அவர் சொல்லும் கதையில் ஒரு கடிதம் வருவதே இல்லை. அந்தக் கடிதத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் தந்தைக்குக் கும்பகோணத்தில் பட்டறை இருக்கிறது. பஸ்களுக்குப் பாடி கட்டுவது தொழில். எஞ்சினும் சக்கரங்களுமாக வெறும் எலும்புக்கூடாய் வந்து நிற்கும் வண்டி, கூரையும் சன்னலும் இருக்கைகளுமாக வெளியே போகும். யுத்தம் முடிந்து பட்டாளத்தார் ஏலத்தில் விட்ட லாரி ஒன்றை வாங்கிப் பட்டறையின் பின்புறம் வெகுகாலம் போட்டுவைத்திருந்தார். நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு இலக்கியம் படித்துக்கொண்டிருந்தபோது அந்த லாரியின்மேல் ஒரு வீட்டைக் கட்டினார். வீடு என்றே அவர் சொன்னார். மற்றவர்களையும் அப்படியே சொல்ல வைத்தார். சுவரோடு மடித்து மாட்டக்கூடிய மூன்று கட்டில்கள், ஸ்டவ் வைக்கத் தகரம் அடித்த மேடை, கூரைக்கடியில் தண்ணீர்ப் பீப்பாய், மாதா படத்துக்கு ஒரு மாடம், பக்கவாட்டில் ஒரு கதவு, கதவுக்கு வெளியே கொக்கியில் மாட்டும் மூன்று படி ஏணி.

என் கட்டிலின் தலைமாட்டில் ஒரு புத்தகத் தட்டு அமைத்திருந்தார். வண்டி எவ்வளவு குலுங்கினாலும் புத்தகங்கள் விழாதபடி அதன் முன்பக்கம் இரண்டு விரல் உயரத்துக்கு ஒரு சட்டம் வைத்து இழைத்திருந்தார். விடுமுறைக்கு வந்ததும் முதலில் அதைத்தான் காட்டினார். பத்து நாள் காரைக்கால் கடற்கரையில் தங்கலாம், அடுத்த வருஷப் பாடங்களை அங்கே அமைதியாகப் படிக்கலாம் என்றார். நான் மகிழ்ந்தேன். சன்னல்களுக்கு நீலத் துணியில் திரை தைத்தேன். எந்தப் புத்தகங்களை எடுத்துச் செல்வது என்று இரண்டு நாள் யோசித்துப் பதினான்கைத் தேர்ந்தேன். அந்த மகிழ்ச்சியை நினைக்கும்போதுதான் எனக்கு இன்றும் உடம்பு எரிகிறது.

மயிலாடுதுறை, பேரளம் வழியாகப் போனோம். ஓட்டியவர் என் தந்தை. முன்னால் அவருக்குப் பக்கத்தில் என் தாய். பின்னால் வீட்டுக்குள் நான். சன்னலோரம் அமர்ந்து படித்துக்கொண்டே ஊர்களைக் கடந்தது, ஒரு பெண் அதுவரை பெற்றிராத சலுகையாக எனக்குத் தோன்றியது. காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய பின் வந்த மூன்றாவது கோடை அது. முன்பு சுங்கக்காரர்கள் வண்டிகளை நிறுத்தி மூட்டைகளைக் குத்திப் பார்த்த இடத்தில் யாரும் எங்களை நிறுத்தவில்லை. திருநள்ளாறு கடைத்தெருவில் மட்டும் கூட்டம் வழிவிடாமல் நின்று, ஓடுகிற வீட்டின் சன்னலில் தெரிந்த என் முகத்தைப் பார்த்தது. நான் திரையை இழுத்துவிட்டேன்.

கிளிஞ்சல்மேட்டுக்குப் போகும் வழியில், கடலுக்குச் சற்று முன்னால், ஒரு சவுக்குத் தோப்பு இருந்தது. தோப்புக்காரரிடம் என் தந்தை முன்பே அனுமதி பெற்றிருந்தார். மணலில் சக்கரம் புதையாமலிருக்கத் தென்னை மட்டைகளைப் பரப்பி, அவற்றின்மேல் வண்டியை அங்குலம் அங்குலமாக ஏற்றினார். நிறுத்திய பிறகுதான் உண்மையான வேலை தொடங்கியது. தரை கடலை நோக்கிச் சரிந்திருந்தது. கதவும் அந்தப் பக்கமே. சரிந்த வீட்டில் என் தந்தையால் ஒரு கணமும் இருக்க முடியாது. ஜாக்கி வைத்துத் தூக்கி, கதவுப் பக்கச் சக்கரங்களின் அடியில் பலகையும் செங்கல்லும் அடுக்கினார். நான் உள்ளே தரையில் ரசமட்டத்தை வைத்து, கண்ணாடிக் குழலுக்குள் இருக்கும் குமிழி நடுக்கோட்டுக்கு வருகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஓர் அடுக்கு, இரண்டு அடுக்கு, மூன்று அடுக்கு. நான்காவது அடுக்கில் குமிழி நடுவில் நின்றது. சரியாக இருக்கிறது என்று கத்தினேன். என் தந்தை கீழிருந்து சிரித்தார்.

ஏணியைக் கொக்கியில் மாட்டியபோது அதன் கடைசிப் படி மணலிலிருந்து ஒரு முழத்துக்கு மேல் உயரத்தில் தொங்கியது. கதவுப் பக்கம் உயர்ந்துவிட்டதால் வந்த வினை. நான் அதைச் சுட்டிக்காட்டினேன்.

"ஒரு முழம்தானே. குதிச்சா போச்சு" என்றார்.

தார்ப்பாயைக் கதவிலிருந்து முன்னால் இழுத்து இரண்டு கழிகளில் கட்டிப் பந்தலாக்கினோம். கிணறு கூப்பிடு தூரத்தில் இருந்தது. தண்ணீர் எடுப்பது என் தாய்க்கும் எனக்கும் விதிக்கப்பட்டது. கீற்றுத் தட்டி ஒன்றை வாங்கிக் குளிக்க மறைப்புக் கட்டிக்கொண்டோம். அந்த மறைப்பைக் கட்டும் யோசனை என் தந்தைக்கு இரண்டாம் நாள் மாலைவரை வரவில்லை. அவருக்கு அதற்கு நேரமும் இல்லை. ஊரே வண்டியைப் பார்க்க வந்துகொண்டிருந்தது. மீன்காரர்கள், கடைத்தெரு முதலாளிகள், மரைக்காயர் வீட்டுப் பெரியவர்கள், பள்ளிக்கூட வாத்தியார்கள். ஒவ்வொருவரையும் உள்ளே ஏற்றி, கட்டிலை மடித்தும் விரித்தும் காட்டினார். என் கட்டிலும் அதில் அடக்கம். அதன்மேல் கவிழ்த்து வைத்திருந்த புத்தகத்தை ஒவ்வொரு தடவையும் யாரோ எடுத்து வேறிடத்தில் வைத்தார்கள். நான் எந்தப் பக்கத்தில் நிறுத்தினேன் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளப் பழகிக்கொண்டேன். இவ்வளவுதான் அப்போது எனக்கு இருந்த குறை.

மூன்றாம் நாள் காலை மீன் விற்கும் அம்மாள் ஒருத்தி கூடையை இறக்கி வைத்துவிட்டு, பந்தலில் உட்கார்ந்திருந்த என்னை உச்சி முதல் கால்வரை பார்த்தாள். நாளைக்கு வஞ்சிரம் கொண்டுவரட்டுமா என்று கேட்டாள். எதற்கு என்றேன்.

"மாப்ள வீட்டுக்காரவங்க வர்றாங்கல்ல. அவங்க வீட்டுக்கு மீனு போட்டுட்டுத்தான் வர்றேன். நாலு மணிக்குன்னு சொன்னாங்களே."

"யாருக்கு மாப்பிள்ளை?"

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "இதென்ன கூத்தா இருக்கு. பொண்ணு நீதானேம்மா?"

காரைக்காலில் மீன் வாங்கும் வீடுகளுக்கெல்லாம் தெரிந்திருந்தது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

என் தாய் கிணற்றடியில் இருந்தார். நான் கேட்டதும் குடத்தைக் கீழே வைக்காமலே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். சொல்ல ஒரு வாய்ப்புக்காகக் காத்திருந்தவர் போலத்தான் இருந்தது. பையனுக்குச் சைகோனில் ஒரு கம்பெனியில் வேலை. விடுப்பில் வந்திருக்கிறான், மாதக் கடைசியில் கப்பல். அதற்குள் கோயிலில் கலியாண அறிவிப்பு ஓலை வாசித்துத் தாலி கட்டி அழைத்துக்கொண்டு போக வேண்டும். தகப்பனார் பிரெஞ்சு ஆட்சியில் பத்திரம் எழுதும் அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல குடும்பம். பையனின் தாயாருக்கு மட்டும் காலில் நீர் கோத்துக்கொண்டு நடக்க முடியாது. கும்பகோணம்வரை அவரால் வர இயலாது. அவர் பார்க்காமல் பெண் எடுக்கவும் மாட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்க் காட்டும் வழக்கம் இல்லை. அவர்கள்தான் பெண் வீட்டு வாசலுக்கு வர வேண்டும். பெண் அவர்கள் வாசலுக்குப் போய் நின்றாள் என்று தெரிந்தால், கலியாணம் முடிந்து பேரப்பிள்ளை பிறந்த பிறகும் அதைச் சொல்லிக்காட்டுவார்கள்.

"அதனாலதான் வீட்டையே இங்க கொண்டாந்துட்டோம்" என்றார் என் தாய். அவர் முகத்தில் ஒரு கணக்கு சரியாக வந்துவிட்ட நிம்மதி இருந்தது.

எல்லாம் அப்போது எனக்கு விளங்கியது. வழக்கம் மீறப்படவில்லை. அவர்கள் பெண் வீட்டுக்குத்தான் வருவார்கள். வீடு மட்டும் அவர்களுடைய ஊரில், அவர்கள் வீட்டிலிருந்து குதிரை வண்டியில் கால்மணி நேரத் தொலைவில் நிற்கும். இத்தனை மரம், இத்தனை ஆணி, இத்தனை மாத உழைப்பு, எல்லாம் ஒரு வழக்கத்தின் மானத்தைக் காப்பாற்றச் செலவாகியிருந்தன. என்னிடம் ஒரு வார்த்தை கேட்பதற்கு ஓர் ஆணியும் தேவைப்பட்டிருக்காது.

என் தந்தையிடம் போனேன். அவர் ரசமட்டத்தை வைத்துக்கொண்டு மண்டியிட்டிருந்தார். மணல் இறங்கியிருக்கிறதா என்று தினமும் காலையில் பார்ப்பார். எனக்கு இன்னும் ஓராண்டுப் படிப்பு மீதமிருக்கிறது என்று சொன்னேன். நிமிர்ந்து பார்க்காமல் பதில் சொன்னார்.

"பாத்துட்டுப் போகப்போறாங்க. பாத்தா என்ன, தேஞ்சா போயிடுவ?"

அதை நான் நம்பினேன். பார்ப்பது வேறு, முடிவு செய்வது வேறு என்றும், இரண்டுக்கும் நடுவில் எங்கோ ஓரிடத்தில் என்னைக் கேட்பார்கள் என்றும் நினைத்தேன். சொல்லைச் சொல்லாகவே எடுத்துக்கொள்ளும் பழக்கம் படிப்பால் வந்தது. வீட்டில் அது உதவாது. மறுநாள் மாலை என் தாய் பெட்டியின் அடியிலிருந்து எடுத்துத் தந்த பட்டுப் புடவையை உடுத்திக்கொண்டு, கையில் ஒரு புத்தகமும் இல்லாமல், என் கட்டிலில் உட்கார்ந்தேன்.

சொன்ன நேரத்துக்கு இரண்டு குதிரை வண்டிகள் வந்தன. திரையின் இடுக்கில் பார்த்தேன். முன்வண்டியிலிருந்து வெள்ளைக் கால்சட்டையும் கறுப்புத் தொப்பியுமாகத் தகப்பனார் இறங்கினார். பின்வண்டியிலிருந்து தாயாரை இரண்டு பேர் தாங்கி இறக்கினார்கள். பையனை நான் முழுதாகப் பார்க்கவில்லை. இறங்கியதும் வண்டியின் அச்சைக் குனிந்து பார்க்கப் போய்விட்டான். எனக்குத் தெரிந்ததெல்லாம், செங்கல் அடுக்குக்குப் பக்கத்தில் நின்ற, நன்றாக மெருகிட்ட அவனுடைய காலணிகள்தான்.

தாயார் மணலில் நான்கடி நடந்து ஏணிக்கு முன்னால் நின்றார். கடைசிப் படியைப் பார்த்தார். தன் காலைப் பார்த்தார்.

"இதுல நான் ஏற மாட்டேன். பொண்ண இறங்கச் சொல்லுங்க."

என் தாய் பதறிவிட்டார். இறங்கினால் தெருவில் நிற்க வைத்துக் காட்டியதுபோல் ஆகிவிடும் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். தோப்பின் ஓரத்தில் அதற்குள் பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்தார்கள். என் தந்தை ஒரு செங்கல்லைக் கொண்டுவந்து ஏணிக்கடியில் வைத்தார். தாயார் அதை மிதித்தார். அது மணலுக்குள் போயிற்று. இன்னொன்று வைத்தார். அதுவும் போயிற்று. சக்கரத்தின் கீழிருந்து ஒன்றை எடுக்கலாமா என்று யோசித்தவர்போல் சற்று நின்றார். எடுத்தால் வீடு சரியும். அதற்கு மட்டும் அவருக்கு மனம் வரவில்லை.

பையனின் தகப்பனார் ஒரு வழி சொன்னார். "பந்தலும் வீட்டச் சேந்ததுதானே. தாழ்வாரம் உட்படன்னு நாங்க பத்திரத்துல எழுதுவோம். பொண்ணு பந்தலுக்கு வந்தா வீட்டுக்குள்ள இருக்குறதாத்தான் அர்த்தம்."

பந்தலுக்குச் சுவர் இல்லையே என்றார் என் தாய். சுவரில்லாத தாழ்வாரம் எத்தனையோ வீட்டில் இருக்கிறது என்றார் அவர். சக்கரம் உள்ள வீட்டைப் பத்திரத்தில் எப்படி எழுதுவீர்கள் என்று கூட்டத்திலிருந்து யாரோ கேட்க, நாலைந்து பேர் சிரித்தார்கள். என் தந்தை மடக்கு நாற்காலியைக் கொண்டுவந்தார். நான்கு ஆட்களைக் கூப்பிட்டு, நாற்காலியோடு தாயாரை உள்ளே தூக்கி வைத்துவிடலாம் என்றார்.

"நான் என்ன சப்பரமா?" என்றார் அந்த அம்மாள். நாற்காலியை வாங்கி, மணலில் போட்டு, உட்கார்ந்துகொண்டார். "நான் இங்கதான் இருப்பேன். உங்க சவுரியம்."

நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன். பலகைச் சுவருக்கு அப்பால், நான் எந்தத் தரையில் நின்றால் குடும்பத்தின் மானம் நிற்கும் என்று நான்கு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் கதவுப் பக்கம் திரும்பவில்லை. அரை மணி நேரம் அது நடந்தது என்று என் தந்தை கதையில் சொல்வார். எனக்கு நேரம் தெரியவில்லை. என் எதிரே புத்தகத் தட்டு இருந்தது. அதன் சட்டத்தை அவர் எவ்வளவு வழவழப்பாக இழைத்திருந்தார் என்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு எழுந்து கதவைத் திறந்தேன். மூன்று படி இறங்கி, மூன்றாம் படியிலிருந்து மணலில் குதித்தேன். பட்டு முழங்காலுக்கு ஏறிற்று, சரி செய்துகொண்டேன். என் தாய் ஏதோ சொன்னார், காதில் விழவில்லை. நேரே போய் அந்த அம்மாளுக்கு எதிரில் மணலில் உட்கார்ந்தேன். நான் அதிகம் பேசுகிறவள் அல்ல. என்ன சொல்ல வேண்டுமோ அதை மட்டும் சொன்னேன்.

"இந்த வெயில்ல, முடியாத காலோட வந்திருக்கீங்க. உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. எனக்கு இன்னும் ஒரு வருஷம் படிப்பு இருக்கு. அத முடிக்காம நான் கப்பல் ஏற மாட்டேன்."

அவர் கோபிக்கவில்லை. என் தந்தையை நிமிர்ந்து பார்த்தார்.

"பொண்ணுக்கு மனப்பூர்வமா சம்மதம்னுதானே எழுதியிருந்தீங்க."

என் தந்தை, பெண்பிள்ளைகள் வெட்கத்தில் அப்படித்தான் எதையாவது சொல்லும் என்றார். நான் பையனின் தகப்பனாரைப் பார்த்தேன். தாள்களோடு வாழ்ந்தவர் அவர். கடிதத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தார். சட்டையின் உட்பையிலிருந்து எடுத்து, மனைவியிடம் கொடுக்கப்போனவர், அவர் என் பக்கம் தலையசைக்கவும் என்னிடம் நீட்டினார்.

அதைப் படித்தேன். என் மகள் கல்லூரிப் படிப்பை இந்த ஆண்டோடு நிறுத்திக்கொள்ளத் தானே விரும்புகிறாள். கடல் கடந்து போய்க் குடும்பம் நடத்துவதில் அவளுக்கு மனப்பூர்வமான சம்மதம். இதை அவள் வாய்மொழியாகவே எங்களிடம் தெரிவித்தாள். வாக்கியங்களில் ஒரு பிழையும் இல்லை. எழுத்து என் தாயுடையது. பட்டறைக் கடிதங்களை என் தந்தை சொல்லச் சொல்ல அவர்தான் எழுதுவார். மேலே மாசி மாதத்துத் தேதி இருந்தது. அந்த மாதம் நான் விடுதியில், வண்டியைப் பற்றி ஒன்றும் அறியாமல், தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். என் புத்தகத் தட்டுக்கு மரம்கூட அப்போது அறுபட்டிருக்காது.

"இதை நான் சொல்லலை" என்றேன்.

அந்த அம்மாள் பெருமூச்சு விட்டார். "வரமாட்டேங்குற பொண்ணக் கப்பல்ல ஏத்தி அனுப்பிட்டு, நான் இங்க உக்காந்து என்ன பண்ணப்போறேன்" என்று யாரிடமும் இல்லாமல் சொன்னார். கணவரைப் பார்த்து, வண்டியைக் கூப்பிடச் சொன்னார். எழுந்திருக்க என் தோளைத்தான் பிடித்துக்கொண்டார். போகும்போது என் தந்தையிடம், வீடு நன்றாக இருக்கிறது என்றார். அதில் கேலி இருந்ததா என்று என்னால் இன்றும் தீர்மானிக்க முடியவில்லை. மெருகிட்ட காலணிகள் கடைசியாக நகர்ந்தன. அவனுக்காவது எல்லாம் தெரியுமா, அவனையும் அச்சைப் பார்க்கத்தான் அழைத்து வந்தார்களா என்று நான் விசாரிக்கவில்லை. கடிதம் என் கையில் இருந்தது. யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

பத்து நாள் என்று வந்தவர்கள் ஐந்தாம் நாள் காலையில் கிளம்பினோம். என் தந்தை செங்கற்களை ஒவ்வொன்றாக எடுத்தார். வீடு கடலை நோக்கி மெல்லச் சாய்ந்தது. ரசமட்டம் பார்க்க என்னைக் கூப்பிடவில்லை. என் தாய் கிணற்றடியில் கடைசிக் குடத்தை நிரப்பும்போது ஒன்றே ஒன்று சொன்னார்: "இறங்காம இருந்திருக்கலாம்ல?" நான் கடிதத்தைப் பற்றிக் கேட்டேன். அப்பா சொன்னதை எழுதினேன் என்றார். ஒருவர் சொன்னதை எழுதுவது எழுதுகிறவரின் பொறுப்பாகாது என்று அவர் இவ்வளவு காலமும் நம்பி வந்திருக்கிறார். அவர் மேல் எனக்குள்ள கோபத்துக்கு இன்னும் சரியான வாக்கியம் கிடைக்கவில்லை.

ஊருக்கு வந்த ஒரு வாரத்தில் கதை தயாராகிவிட்டது. சம்பந்தம் ஏன் கூடவில்லை? அந்த அம்மாளால் ஏணி ஏற முடியவில்லை. எவ்வளவு எளிதான காரணம். கேட்டவர்கள் அனைவரும் ஏற்றுக்கொண்டார்கள். அந்தக் காரணத்தைக் காப்பாற்றுவதற்காகவே என் தந்தை என் படிப்பை நிறுத்தவில்லை என்று நினைக்கிறேன். நிறுத்தியிருந்தால் ஏன் என்று கேட்பார்கள்; ஏணி அதற்குப் பதிலாகாது. கல்லூரி திறந்த அன்று நான் அனுமதி கேட்காமல் கிளம்பினேன். அவர் ரயிலடிக்கு வரவில்லை.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் போனபோது பட்டறையின் பின்புறம் வண்டிக்குப் புதிதாகப் பச்சை வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார்கள். என் தந்தை வழக்கம்போல என்னை அழைத்துக்கொண்டுபோய்க் காட்டினார். ஏணிக்கு இப்போது ஐந்து படிகள். ஒவ்வொன்றும் முன்னைவிட அகலமாக, ஒரு முதியவள் இரண்டு காலையும் சேர்த்து வைத்து இளைப்பாறும் அளவுக்கு இருந்தது. இரு பக்கமும் தேக்கில் கைப்பிடி.

"இனிமே எப்பேர்ப்பட்ட கால்வலிக்காரவங்களும் ஏறலாம்" என்றார்.

அவர் கற்றுக்கொண்டது அதுதான். அந்தக் கோடைகாலம் முழுவதிலும் தாம் செய்த பிழை எது என்று அவர் கண்டுபிடித்து, திருத்தி, வர்ணமும் பூசி முடித்திருந்தார். இறுதித் தேர்வு சித்திரையில். அதன் பின் வண்டி எந்த ஊர்த் தோப்புக்குக் கிளம்பும் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நான் உள்ளே ஏறினேன். என் தட்டில் அந்தப் பதினான்கு புத்தகங்களும் காரைக்காலில் வைத்தபடியே இருந்தன. சட்டம் ஒன்றையும் விழவிடவில்லை. எல்லாவற்றையும் எடுத்து முந்தானையில் கட்டிக்கொண்டேன். நீலத் திரைகளையும் கழற்றி மூட்டையின்மேல் வைத்துக்கொண்டேன். கீழே கைப்பிடியைத் தடவிக்கொண்டு என் தந்தை நின்றிருந்தார். அவரைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, அந்த ஐந்து படிகளில் ஒன்றையும் மிதிக்காமல் தரையில் குதித்தேன்.